6. கடலைத் தோண்டும் முன் ஊரைக் கேட்கும் நாள்

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தயாராவது எப்படி?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையை ஒட்டி வடக்கே நகர்கிறது. வாடைக்காற்றில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு கற்சுவர் எழுந்தால் தெற்கில் மணல் சேரும். வடக்கில் உள்ள ஊருக்கு வரவேண்டிய மணல் வராமல் கரை அரிக்கப்படும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதற்கும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே புகுந்ததற்கும் காரணம் ஒன்றே. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்ட பின் நகரத்தின் மணற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது.

ஆகவே கடலோரத்தில் தோண்டுவதும் கட்டுவதும் அந்த இடத்துக்காரருக்கு மட்டுமான விஷயம் அல்ல. பத்து கிலோமீட்டர் தள்ளி வலை காயப்போடும் ஊருக்கும் அதில் பங்கு உண்டு. அந்த ஊரைக் கேட்பதற்குச் சட்டம் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறது. அந்த நாளை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலிலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. வந்தவர்கள் எல்லோரும் எதிர்த்தாலும் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கலாம். ஆனால் ஒருவர் கேட்ட சரியான கேள்வி எழுத்தில் பதிவாகி, அதற்கு யாரும் பதில் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த அனுமதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆட்டம் காணும். கூட்டத்தில் எழுந்த குரலின் உரத்தைக் கோப்பு காட்டாது. பதிவானது மட்டுமே கோப்பில் இருக்கும்.

சட்டத்தின் அடித்தளம்

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இந்தக் கூட்டத்துக்கு அடிப்படை. பொதுமக்கள் கலந்தாய்வுக்கு அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று, திட்ட இடத்திலோ அதன் அருகிலோ நடக்கும் நேரடிக் கூட்டம். மற்றொன்று, எழுத்து மூலமாகக் கருத்து அனுப்புவது. கூட்டத்துக்குப் போக முடியாதவருக்கும் இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. இரண்டையும் செய்வது இன்னும் நல்லது.

அறிவிக்கையின் அட்டவணையில் 7(இ) என்ற இனம் துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர், கடல் ஆழப்படுத்துதல் ஆகியவற்றுக்கானது. ஆண்டுக்கு 50 லட்சம் டன்னும் அதற்கு மேலும் சரக்கைக் கையாளும் துறைமுகம் ‘ஏ’ பிரிவில் சேரும். அதை டெல்லியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிசீலிக்கும். அதற்குக் குறைந்தவையும், ஆண்டுக்கு 10,000 டன்னும் அதற்கு மேலும் மீன் கையாளும் மீன்பிடித் துறைமுகங்களும் ‘பி’ பிரிவு; அவற்றை மாநில அளவிலான ஆணையம் பார்க்கும்.

ஆழப்படுத்துவதில் இரண்டு வகை உண்டு. புதிதாகக் கால்வாய் வெட்டுவது, இருக்கும் ஆழத்தைக் கூட்டுவது ஆகியவை முதல் வகை. இவற்றுக்கு அனுமதி தேவை. ஏற்கெனவே வெட்டிய இடத்தில் சேரும் சேற்றை அவ்வப்போது அள்ளுவது பராமரிப்பு வகை. முதல் அனுமதியிலேயே அது இடம்பெற்றிருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. எனவே ‘வெறும் பராமரிப்புதான்’ என்று யாராவது சொன்னால், பழைய அனுமதிக் கடிதத்தில் எவ்வளவு ஆழம், எவ்வளவு கன மீட்டர் என்று எழுதியிருக்கிறது எனக் கேளுங்கள். அதைவிட ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினாலும் அது பராமரிப்பு ஆகாது.

எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டடத் திட்டங்களுக்கும், நாட்டின் பாதுகாப்பு சார்ந்தவை என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கும் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து விலக்கு உண்டு. கரையோர விடுதியோ குடியிருப்போ வரும்போது, 2019 ஜனவரி 18 அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கையில் எடுங்கள். மாவட்ட அளவிலான கடலோர மண்டலக் குழுவிடம் முறையிடுங்கள். ஆட்சியர் தலைமையிலான அந்தக் குழுவில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார் என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

அறிவிப்பு வந்த முதல் வாரம்

கூட்டத்தை நடத்துவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரவேண்டும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். நாளிதழ் எட்டாத ஊர்களில் தண்டோரா, வானொலி போன்ற வழிகளில் தெரிவிக்க வேண்டும் என்றும் 2006 அறிவிக்கை சொல்கிறது. விளம்பரம் வந்த பக்கத்தை நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி வெட்டி எடுத்துக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். பின்னால் கால அவகாசம் குறித்து வழக்கு எழுந்தால் அதுதான் முதல் சான்று.

அடுத்து, திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைப் பெறுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம் அல்லது மாநகராட்சி, மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகிய இடங்களில் மக்கள் பார்வைக்கு அது இருக்க வேண்டும். சுருக்க அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். நேரில் போங்கள், இருவராகப் போங்கள். அறிக்கை இல்லை என்றால், எந்த நாளில் எந்த அலுவலகத்தில் இல்லை என்று சொன்னார்கள் என்பதை எழுதி அதே அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் இருக்கும். கல்லூரியில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் நால்வருக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

அறிக்கையில் எங்கே பார்ப்பது?

தோண்டும் அளவு. அறிக்கை இதைக் கன மீட்டரில் தரும். அந்த எண்ணைக் கண்முன் கொண்டுவரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம் உள்ள கால்வாயை இப்போதிருக்கும் கடலடியிலிருந்து 5 மீட்டர் கூடுதலாக ஆழப்படுத்தினால் 10 லட்சம் கன மீட்டர் மண் வரும். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் ஒரு லட்சம் லாரி. பக்கச் சரிவுகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். அறிக்கையில் உள்ள நீளம், அகலம், ஆழம் மூன்றையும் நீங்களே பெருக்கிப் பார்த்து, அவர்கள் சொல்லும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அதுவே உங்கள் முதல் கேள்வி. ஆண்டுதோறும் எவ்வளவு பராமரிப்புத் தோண்டல் வேண்டியிருக்கும், அதை எங்கே போடுவார்கள் என்பது இரண்டாவது.

கொட்டும் இடம். தோண்டிய மண்ணில் ஒரு பகுதியைக் கரையில் போட்டு நிலமாக்குவார்கள். மீதியைக் கப்பலில் ஏற்றிப் போய்க் கடலில் கொட்டுவார்கள். எங்கே கொட்டுவது என்பதை அறிக்கை அட்சரேகை, தீர்க்கரேகையாகத் தரும். பெரும்பாலோர் இந்த எண்களைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அங்கேயே நில்லுங்கள். உங்கள் படகில் ஜி.பி.எஸ் இருக்கிறது; நீங்கள் வலை விடும் இடங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அறிக்கை தரும் இடத்தையும் அதில் போடுங்கள்.

இங்கே ஒரு கவனம் தேவை. அறிக்கைகள் பாகை, நிமிடம், நொடி என்று எழுதும். படகுக் கருவிகள் பல பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டும். அறிக்கையில் 13 பாகை 18 நிமிடம் 30 நொடி என்றிருந்தால் கருவியில் 13 பாகை 18.500 நிமிடம் என்று போட வேண்டும். நொடியை 60-ஆல் வகுக்க வேண்டும். அப்படியே 18.30 என்று போட்டுவிட்டால், வடக்கு-தெற்கில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் என்பதால், ஏறத்தாழ 370 மீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். கூட்டத்தில் அந்தப் பிழையை எதிர்த்தரப்பு பிடித்தால் உங்கள் மொத்த மனுவின் மதிப்பும் குறையும். இருவர் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபாருங்கள்.

இப்படிப் போட்டுப் பார்த்தால், மண் கொட்டும் இடம் உங்கள் ஊரின் எந்த வலைப்பாட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். அதைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பருவத்தில் அளந்தார்கள்? நீரின் தரம், மீன் வகை, நீரோட்டம் ஆகியவற்றை அளந்த மாதங்கள் அறிக்கையில் இருக்கும். கோடையில் மட்டும் அளந்துவிட்டு, வாடைக்காலத்துக்கும் அதே முடிவைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். முகத்துவாரம் எந்த மாதம் திறக்கும், எப்போது அடைபடும், வெள்ளம் எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அறிக்கை அதற்கு மாறாகச் சொன்னால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அளவீட்டுத் தரவு மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பது அமைச்சகம் வகுத்த நடைமுறை, தேதியையும் பாருங்கள்.

கரை மாற்றம். அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை அரிப்பு இருக்கும் என்று அறிக்கை கணித்திருக்க வேண்டும். அந்தக் கணிப்பு உங்கள் ஊருக்கு முன்பாகவே நின்றுவிடுகிறதா? கடலரிப்பு மிகுந்த கரைப்பகுதியில் துறைமுகம் கட்டுவதை 2019 அறிவிக்கை, சில விலக்குகளோடு, தடைசெய்திருக்கிறது. உங்கள் கரை அந்த வகையில் வருகிறதா என்பதைக் கேள்வியாகவே கேளுங்கள். அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு அமைப்போம் என்று எழுதியிருந்தால், அந்த வளைவுக்கு வடக்கே உள்ள ஊருக்கு என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

வரைபடம். கடலோர வரைபடத்தில் மீனவக் கிராமங்கள், வலை உலர்த்தும் இடம், மீன் காயவைக்கும் களம், படகுத்துறை, ஐஸ் ஆலை போன்ற பொது இடங்கள் குறிக்கப்பட வேண்டும். 2023-இல் தமிழ்நாட்டின் வரைவுக் கடலோர மேலாண்மைத் திட்டம் வந்தபோது மீனவர்கள் எழுப்பிய முதன்மையான எதிர்ப்பே இவை விடுபட்டிருக்கின்றன என்பதுதான். எண்ணூரில் இன்னும் கசப்பான பாடம் கிடைத்தது. கழிமுகத்தை ஒழுங்குமுறை மண்டலமாகக் காட்டும் 1996-ஆம் ஆண்டு வரைபடம் ஒருபுறம், அந்தக் கழிமுகமே இல்லாத வேறொரு வரைபடம் மறுபுறம் என இரண்டு இருப்பது தகவல் உரிமைச் சட்ட மனுக்களின் மூலம் வெளிவந்தது. வரைபடத்தில் இல்லாத நீர்நிலைக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லாமல் போகும். ஆகவே உங்கள் ஊரின் பொது இடங்களை நீங்களே நடந்து, புகைப்படம் எடுத்து, இடக் குறியீட்டோடு ஒரு வரைபடம் தயாரித்து, ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலறிவு காகிதத்தில் ஏறட்டும்

‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்’ என்று எழுதும் மனுவுக்கு ‘போதிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். குறிப்பாக எழுதிய மனுவுக்கு அப்படிப் பதில் சொல்லித் தப்ப முடியாது. எந்த இடம், எந்த மாதம், எந்த வலை, எந்த மீன், எத்தனை படகு, எத்தனை குடும்பம்: இந்த ஆறும் இருக்கட்டும். நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்று ஊரில் வழங்கும் பெயரையே எழுதி, அது எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போவது என்று விளக்கிவிடுங்கள். கடலோடியின் சொல்லும் ஒரு சான்றுதான். அதை மாதமும் திசையும் சேர்த்துச் சொன்னால் நிபுணர் குழுவும் ஒதுக்கிவிட முடியாது.

படகு வைத்திருப்பவர்களின் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், நண்டு பிடிப்பவர்கள், மீன் விற்கும் பெண்கள், கருவாடு போடுபவர்கள் எவருடைய பெயரும் படகுப் பதிவேட்டில் இருக்காது. ஆழப்படுத்தும்போது கலங்கும் சேறு முதலில் பாதிப்பது முழங்காலளவுத் தண்ணீரில் தொழில் செய்யும் இவர்களைத்தான். இவர்களின் பிடியைக் கேட்டு, ஒரு மாதமாவது அன்றாடம் ஒரு நோட்டில் எழுதச் செய்யுங்கள். 30 நாள் அவகாசம் இதற்குப் போதும்.

ஒரு மாதிரி மனு

பெறுநர்: மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.
பொருள்: (திட்டத்தின் பெயர்), (தேதி) கருத்துக்கேட்பு – எழுத்து மூலக் கருத்து.

ஐயா / அம்மா,
நான் (ஊர்) கிராமத்தில் கடல் தொழில் செய்து வருகிறேன். வரைவு அறிக்கையின் (எண்) பக்கத்தில், தோண்டிய மண்ணைக் கொட்டக் குறித்துள்ள இடம் எங்கள் ஊரார் ஆவணி முதல் கார்த்திகை வரை (வலை வகை) விடும் இடத்துக்கு (தொலைவு) அருகில் உள்ளது. எங்கள் படகுகளில் பதிவான இடங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.
1. அந்த மாதங்களில் கலங்கல் எவ்வளவு தூரம் பரவும் என்று ஆய்வு செய்யப்பட்டதா? செய்யப்பட்டிருந்தால் எந்தப் பக்கத்தில் உள்ளது?
2. அந்த நான்கு மாதங்களும் மண் கொட்டுவதை நிறுத்த விண்ணப்பதாரர் உடன்படுவாரா?
3. கடலடி மண்ணில் கன உலோகங்கள் உள்ளனவா என்று எந்தெந்த இடங்களில் சோதிக்கப்பட்டது?
இவற்றைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்து, விண்ணப்பதாரரின் பதிலை எழுத்தில் பெற்றுத் தருமாறு வேண்டுகிறேன்.
இணைப்பு: இடப் பட்டியல், புகைப்படங்கள், ஊர்த் தீர்மானத்தின் நகல்.

ஒரே மனுவை நகலெடுத்து ஆயிரம் பேர் கையொப்பமிட்டால் பதிவேட்டில் அது ஒரு கருத்தாகச் சுருங்கிவிடக்கூடும். பத்துப் பேர் பத்து வேறு கேள்விகளை எழுதினால் பத்துக்கும் பதில் தேவை. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானம் நிறைவேற்ற முடிந்தால் அதன் சான்றிட்ட நகலையும் சேர்த்துவிடுங்கள்.

கூட்டத்தன்று

தலைமை ஏற்பவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. முழு நடவடிக்கையும் வீடியோவில் பதிவாக வேண்டும். வந்தவர்களின் பெயர்கள் வருகைப் பதிவில் ஏற வேண்டும். கையொப்பமிடாமல் உள்ளே போகாதீர்கள். முதலில் விண்ணப்பதாரர் திட்டத்தை விளக்குவார். பிறகு அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தரவேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது. அதனால் புறக்கணிக்கும் முன் நன்றாக யோசியுங்கள்: நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே எழுதப்படும். எதிர்ப்பைக் காட்ட வெளிநடப்புச் செய்வதென்று ஊர் முடிவெடுத்தால், மனுக்களைப் பதிவு செய்துவிட்டு, காரணத்தை ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

பேசும்போது பெயர், ஊர், தொழில் சொல்லித் தொடங்குங்கள். ஒருவருக்கு ஒரு விஷயம் போதும். யார் எதைப் பேசுவது என்று முந்தைய நாளே பிரித்துக்கொள்ளுங்கள். பெண்கள் முதல் வரிசையில் அமர்ந்து முதல் பத்துப் பேரில் பேசட்டும். கடைசியில் நேரம் இல்லை என்ற பேச்சு வந்தால் அடிபடுவது அவர்களுடைய முறைதான். வேலை தருவார்களா, நிவாரணம் எவ்வளவு என்று பேச்சு திசைமாறினால், அமைதியாக உங்கள் பக்க எண்ணுக்கே திரும்புங்கள். கைகலப்புக்கு இடம் தராதீர்கள். மக்கள் தங்கள் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லும் சூழல் அங்கே இல்லை என்று அறிக்கை போனால், நேரடிக் கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அறிவிக்கையில் வழி இருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான நேரம் கூட்டத்தின் முடிவு. சொல்லப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும். அதே நாளில் தலைமை அதிகாரி கையொப்பமிட வேண்டும். பேசி முடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடாமல், குறைந்தது ஐந்து பேர் கடைசி வரை உட்காருங்கள். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் எழுந்து சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால், அதையே அன்று இரவு எழுதி மறுநாள் வாரியத்துக்கும் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள்.

கூட்டம் தள்ளிப்போனால் தளர்ந்துவிட வேண்டாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 என்று குறித்த கூட்டம் கொரோனாவை முன்னிட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி அறிவித்ததும் நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அறிக்கை மாறலாம், தரவு பழையதாகலாம். கொடுத்த மனுவைப் புதிய அறிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தி, தயாராக வைத்திருங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு

நடவடிக்கைக் குறிப்பை வாரியம் தன் இணையதளத்திலும், ஊராட்சி, ஆட்சியர் அலுவலகங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதை எடுத்து, நீங்கள் கேட்டதையும் அவர்கள் எழுதியதையும் பத்தி பத்தியாக ஒப்பிடுங்கள். மக்கள் எழுப்பிய முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகள் எல்லாவற்றுக்கும் பதில் தந்து அறிக்கையைத் திருத்துவது விண்ணப்பதாரரின் கடமை என்று அறிவிக்கையே சொல்கிறது. ‘உத்கர்ஷ் மண்டல்’ வழக்கில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எதிர்ப்புகளைப் பரிசீலித்ததையும் ஏற்க மறுத்ததற்கான காரணத்தையும் நிபுணர் குழு பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே இறுதி அறிக்கையும், நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பும் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் வரும்போது தவறாமல் படியுங்கள். கிடைக்காத ஆவணத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

அனுமதி வழங்கப்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும். தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இழப்பீடு கோராத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அனுமதியோடு பணி தொடங்கிவிட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், திட்ட உரிமையாளர் தாக்கல் செய்ய வேண்டும். மண் கொட்டும் கப்பல் குறித்த இடத்துக்குத்தான் போகிறதா என்பதை அன்றாடம் கடலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான். தேதி, நேரம், இடக் குறியீட்டோடு எழுதி வைத்தால், அவர்கள் தரும் அறிக்கையைச் சரிபார்க்கும் சான்று உங்கள் கையில் இருக்கும்.

இந்த வேலைகளுக்கு ஊரில் ஆள் வேண்டும். அறிவிப்பு வரும்வரை காத்திராமல், அடுத்த ஊர்க்கூட்டத்திலேயே மூவரை நியமியுங்கள். ஒருவர் நாளிதழ் விளம்பரங்களையும் வாரியத்தின் இணையதளத்தையும் வாரம் ஒருமுறை பார்க்கட்டும். ஒருவர் ஊர் வரைபடத்தையும் பிடிப்பு நோட்டுகளையும் பொறுப்பேற்கட்டும். ஒருவர் கோப்பையும் காலக்கெடுக்களையும் கவனிக்கட்டும். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இவ்வளவு ஏற்பாடு உள்ள ஊரைக் கேட்காமல் எந்தக் கரையிலும் எளிதில் தோண்டிவிட முடியாது.